வீட்டோடு மாப்பிள்ளையும் பஞ்சவர்ணக் கிளியும்: ‘ஆதிச் சிந்தனை’ என்றால் என்ன?

உங்கள் அம்மாவின் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆல்பத்தில் இருப்பதோ, போன வாரம் செல்போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டதோ, எதுவானாலும் சரி. ஒரு குண்டூசியை எடுத்து, அந்தப் படத்தில் அம்மாவின் கண்ணில் குத்துங்கள்.

குத்தியிருக்க மாட்டீர்கள். அது காகிதமும் மையும் மட்டும்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். ஆனாலும் கை வராது.

படம் வேறு, ஆள் வேறு என்று தெரிந்தும் மனசுக்குள் ஏதோ ஒன்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. இந்த மாதிரி மன ஓட்டத்துக்குத்தான் ஐரோப்பிய அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் ‘பிரிமிட்டிவ்’ சிந்தனை என்று பெயர் வைத்தார்கள். தமிழில் ஆதிச் சிந்தனை, தொல்மனம் என்கிறார்கள். கோபம் வந்தால் காட்டுமிராண்டிப் புத்தி. ஆனால் போட்டோவைக் குத்தத் தயங்கிய உங்களையும் என்னையும் பார்த்து அவர்கள் இந்தப் பெயரை வைக்கவில்லை. எங்கோ காட்டிலும் தீவிலும் வாழ்ந்த, பெரும்பாலும் தாங்கள் நேரில் பார்த்தே இராத மக்களுக்கு வைத்தார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

முதலில் அந்தப் பெயர் எதைக் குறித்தது என்று பார்த்துவிடலாம். ஜேம்ஸ் ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1890இல் முதலில் வெளியிட்டு, பிறகு விரித்தெழுதிய தன் பெரிய நூலில் மந்திரச் சிந்தனைக்கு இரண்டு விதிகள் சொன்னார். ஒன்று, ஒத்தது ஒத்ததைப் பாதிக்கும். இன்னொன்று, ஒருமுறை ஒட்டியிருந்தது பிரிந்த பிறகும் தொடர்பு அறாது. முதல் விதிக்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. கட்டி முடிக்காத வீட்டின் முன் தொங்கும் பூசணிக்காயில் மீசையும் பல்லுமாக ஒரு முகம் வரைந்திருக்குமே, அதுதான். வீட்டுக்கு வர வேண்டிய கண்ணேறு அந்த முகத்துக்குப் போய்விடும். இரண்டாவது விதி, வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் கண்ட இடத்தில் போடாதே என்று பாட்டிகள் சொல்வது.

பூசணிக்காய் கட்டாதவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் பால் ரோஸினும் அவருடன் வேலை செய்தவர்களும் 1986இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. இரண்டு காலி பாட்டில்கள். கண் முன்னாலேயே இரண்டிலும் கடைச் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். ‘சர்க்கரை’ என்று ஒரு லேபிள், ‘சயனைடு’ என்று ஒரு லேபிள். எதை எதில் ஒட்டுவது என்பது சோதனைக்கு வந்தவரின் விருப்பம், அவரே ஒட்டுகிறார். பிறகு இரண்டு பாட்டிலிலிருந்தும் சர்க்கரை எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னால், தான் ஒட்டிய லேபிளைப் பார்த்தே பலர் தயங்குகிறார்கள். இவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்.

சரி, அப்படியானால் ‘ஆதி’ என்ற சொல் இங்கே எப்படி வந்தது?

லத்தீனில் ‘ப்ரீமுஸ்’ என்றால் முதலாவது. அதிலிருந்து வந்த சொல்லுக்கு ‘முதலில் இருந்த’ என்பதுதான் பொருள், அதில் வசை ஒன்றும் இல்லை. 1871இல் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர் ஆதிப் பண்பாடு பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். 1877இல் லூயிஸ் மார்கன் என்ற அமெரிக்கர், மனித சமூகம் காட்டுநிலை, அநாகரிக நிலை, நாகரிகம் என்று மூன்று படி ஏறி வந்ததாக எழுதினார். ஏணியைச் செய்தவர் மேல்படியில் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? டைலருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மனித மூளை எங்கும் ஒன்றுதான், கிடைத்த தகவல் குறைவு என்பதால் முடிவு தப்பாகிறது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் ஏணி என்று ஒன்று வந்துவிட்டால் கீழ்ப்படி என்றும் ஒன்று வந்துவிடும். பிரேசில் காட்டில் 1890இல் வாழ்ந்த மனிதர் 1890இன் மனிதர். அவருடைய சமூகத்துக்குப் பின்னால் இருக்கும் காலமும் லண்டனுக்குப் பின்னால் இருக்கும் காலமும் ஒரே நீளம். அவரை நம் கொள்ளுத் தாத்தாவாக ஆக்கியது ஒரு கணக்குப் பிழை.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசை சிலைப் பீடத்திலிருந்தே பழக்கம். ‘கடவுளை வணங்குகிறவன் காட்டுமிராண்டி’ என்ற வரியைப் பெரியார் சிலைகளின் கீழே படித்திருப்போம். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கலாம். அவர் அதைத் தன் சொந்த ஜனங்களைப் பார்த்து, அவர்கள் யோசித்தால் மாறலாம் என்று நம்பிச் சொன்னார். ஒரு கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்து ‘இவர்களுக்கு யோசிக்கவே வராது’ என்பது வேறு சங்கதி.

கிளி என்று சொன்ன ஆண்கள்

அந்த வேறு சங்கதியை முழுமூச்சாகச் சொன்னவர் பாரிஸில் தத்துவப் பேராசிரியராக இருந்த லூசியன் லெவி-ப்ரூல். 1910இலும் 1922இலும் வந்த இரண்டு நூல்களில், ஆதி மனிதர்களின் மனம் ‘தர்க்கத்துக்கு முந்தியது’ என்றார். ஒரு பொருள் தானாகவும் இருக்கும், அதே நேரத்தில் வேறொன்றாகவும் இருக்கும் என்பதில் அவர்களுக்கு முரண்பாடே தெரிவதில்லையாம். அவர் அடிக்கடி காட்டிய சான்று பிரேசிலின் பொரோரோ மக்கள். கார்ல் ஃபான் டென் ஸ்டைனன் என்ற ஜெர்மானியப் பயணி அவர்களிடம் போய்விட்டு வந்து, ‘நாங்கள் அராரா’ என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருந்தார். அராரா என்பது பெரிய சிவப்புப் பஞ்சவர்ணக் கிளி. மனிதன் எப்படிக் கிளியாக இருக்க முடியும்? ‘பார்த்தீர்களா, தர்க்கமே இல்லை’ என்றார் லெவி-ப்ரூல்.

நம் மேடையில் ஒருவர் ‘எங்கள் தலைவர் சிங்கம்’ என்றால் யாரும் மனநல மருத்துவரைக் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்திலேயே உருவக அணி இருக்கிறது. ஆனாலும் ‘பொரோரோக்காரர்கள் சும்மா உருவகமாகச் சொன்னார்கள்’ என்று முடித்துவிட்டால் விஷயத்தின் ருசி போய்விடும். ஏன் கழுகு இல்லை, சிறுத்தை இல்லை, கிளி?

கிறிஸ்டோபர் குரோக்கர் என்ற மானுடவியலாளர் அவர்களோடு தங்கிப் பார்த்துவிட்டு 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். பொரோரோ வழக்கப்படி கல்யாணம் ஆனதும் ஆண் மனைவி வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்களுடையது. அங்கே செல்லமாக வளர்க்கப்படுகிற அராராக்களும் பெண்களுக்கே சொந்தம். அந்தக் கிளியின் இறகோ, ஆண்கள் சடங்கில் அணிகிற மேன்மையான பொருள், ஆவிகளின் உலகத்தோடு தொடர்புள்ளது. ஆக, ஆண் தன்னைக் கிளி என்னும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்கிறான்: சடங்கில் நான் ஆவிகளுக்குப் பக்கத்தில் நிற்பவன், வீட்டில் பெண்கள் வளர்க்கும் செல்லப் பிராணி. ‘நாங்கள் கிளி’ என்று சொன்னவர்கள் ஆண்கள் மட்டும்தான்.

வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லுக்குள் எவ்வளவு கிண்டல் இருக்கிறது என்று தமிழ் வாசகருக்குச் சொல்லித் தர வேண்டாம். பொரோரோ ஆண்கள் தங்களைத் தாங்களே அப்படிக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். பாரிஸ் பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு, பாவம், இவர்களுக்குத் தர்க்கம் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்.

லெவி-ப்ரூல்மீது எனக்கு மரியாதை உண்டு, காரணம் அவருடைய கடைசி நோட்டுப் புத்தகங்கள். 1938–39இல், எண்பது வயதைத் தாண்டியவர், தன் வாதங்களைத் தானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். ‘தர்க்கத்துக்கு முந்தியது’ என்பதைக் கைவிடுகிறார். இந்த மன ஓட்டம் எல்லா மனித மனத்திலும் இருக்கிறது, சில இடங்களில் எளிதாகக் கண்ணில் படுகிறது என்கிற இடத்துக்கு வந்து சேர்கிறார். 1939இல் இறந்தார். நோட்டுப் புத்தகங்கள் 1949இல் அச்சாயின. வாழ்நாள் முழுக்கச் சொன்னதை எண்பதுக்கு மேல் வெட்டித் திருத்துவது லேசான காரியம் இல்லை. ஆனால் ஊரில் பரவியது பழைய சரக்குதான்.

குதிர் விழுந்த கதை

அடுத்த கதை தெற்கு சூடானில், அஸாண்டே மக்களிடம். அங்கே தங்கியிருந்து ஆராய்ந்த இவான்ஸ்-பிரிச்சர்ட் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1937இல் எழுதியது.

அவர்களுடைய தானியக் குதிர் கனமானது, மரக்கால்களின் மேல் நிற்கும். வெயில் நேரத்தில் அதன் அடியில் நல்ல நிழல். ஆட்கள் உட்கார்ந்து கதை பேசுவார்கள், விளையாடுவார்கள். கால்களைக் கறையான் அரிக்கும். என்றாவது ஒரு நாள் குதிர் இடிந்து விழும். அடியில் ஆள் இருந்தால் அடிபடுவார். அஸாண்டே மக்கள் இதற்குச் சொல்லும் காரணம்: சூனியம்.

உடனே ‘கறையான்தான் காரணம் என்பது தெரியவில்லையா?’ என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கறையான் அரித்தது, கால் முறிந்தது, குதிர் விழுந்தது. ஆட்கள் நிழலுக்கு உட்கார்ந்திருந்தார்கள், அதுவும் தெரியும். அவர்கள் கேட்பது வேறு கேள்வி. எத்தனையோ நாள் விழாத குதிர், எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து போன குதிர், சரியாக இந்த நிமிஷத்தில், இந்த ஆட்களின் மேல் ஏன் விழுந்தது? நாமாக இருந்தால் ‘தற்செயல்’ என்போம். அது பதில் இல்லை, ‘பதில் இல்லை’ என்பதற்கு வைத்த மரியாதையான பெயர்.

வேட்டையிலிருந்து அவர்கள் எடுத்த உவமை ஒன்று இருக்கிறது. மிருகத்தின் மேல் முதல் ஈட்டி எறிந்தவனும் இரண்டாவது ஈட்டி எறிந்தவனும் சேர்ந்துதான் அதைக் கொன்றதாகக் கணக்கு. யானை மிதித்து ஒருவன் செத்தால் யானை முதல் ஈட்டி, சூனியம் இரண்டாவது ஈட்டி. முதல் ஈட்டியை அவர்கள் மறுப்பதே இல்லை. மட்டமாகப் பானை செய்கிறவனின் பானை உடைந்தால் சூனியம் என்று சொன்னாலும் யாரும் ஏற்பதில்லை, கை பழகவில்லை என்றுதான் சொல்வார்கள்.

நம் ஊர் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த இரண்டாவது ஈட்டியைக் கேட்டிருப்பார்கள். “பிரேக் பிடிக்கலைங்கிறாங்க, சரி. அந்த பஸ்ல அவன் வழக்கமா போறதே இல்லையே. அன்னிக்குன்னு ஏன் ஏறினான்?” யாராவது “நேரம்” என்பார்கள், யாராவது “விதி” என்பார்கள். அந்த இடத்தில் போய் பிரேக் பட்டை தேய்மானத்தை விளக்குகிறவர் அறிவாளி ஆகிவிடமாட்டார். அவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவான்ஸ்-பிரிச்சர்ட் இதில் இரண்டு பக்கமும் நேர்மையாக இருந்தார். அஸாண்டே நம்புகிற மாதிரியான சூனியக்காரர்கள் இருக்க முடியாது என்று தெளிவாக எழுதினார். அங்கே இருந்தவரை தன் வீட்டுக் காரியங்களை அவர்களுடைய குறிகேட்கும் முறைப்படி முடிவு செய்து பார்த்ததையும், வேறு எந்த முறைக்கும் அது குறைச்சல் இல்லை என்பதையும் எழுதினார்.

இதோடு மலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் இருந்தவர் அவர். கரையோரக் காயலில் மீன் நிச்சயம், ஆபத்து இல்லை. அங்கே மந்திரம் இல்லை, தொழில்திறன் மட்டும். திறந்த கடலுக்குப் போகும்போது ஆபத்தும் அதிகம், மீன் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. அங்கே மந்திரம் ஏராளம். ஆள் அதே ஆள்தான். ராக்கெட் விடுவதற்கு முன் அதன் சின்ன மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துப் போகும் விஞ்ஞானிகள் நினைவுக்கு வந்தால் சரிதான். சுற்றுப்பாதைக் கணக்கை அவர்கள் கோயிலில் போடுவதில்லை.

முட்டாள் எப்படி அடுக்குவான்?

சோதனை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அலெக்சாண்டர் லூரியா என்ற சோவியத் உளவியலாளர் 1931, 1932 ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் ஒரு புதிர்: தூர வடக்கில், பனி இருக்கும் இடத்தில், கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா ஸெம்ல்யா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? ஒருவர், தான் கறுப்புக் கரடிதான் பார்த்திருப்பதாகவும், மற்றதைப் பற்றித் தெரியாது என்றும், ஒவ்வொரு இடத்துக்கும் அதனதன் மிருகம் இருக்கும் என்றும் சொன்னார்.

தர்க்கம் வரவில்லை என்று எழுதிக்கொள்ளலாம். சாட்சிக் கூண்டில் நிற்பவர் இதே பதிலைச் சொன்னால் நல்ல சாட்சி என்போம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதே என்பதும் ஒரு விதிதான். சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல் என்பது பள்ளிக்கூட விளையாட்டின் விதி. ஓரளவு பள்ளிப் படிப்பு இருந்தவர்கள் அந்த விளையாட்டைச் சுலபமாக ஆடினார்கள் என்பதை லூரியாவே பதிவு செய்திருக்கிறார். ஊரெல்லாம் கூட்டுப்பண்ணை நெருக்கடி நடந்த காலம் அது. மாஸ்கோவிலிருந்து வந்த அந்நியரிடம் தெரியாததை உறுதியாகச் சொல்லாமல் இருப்பது புத்திசாலித்தனம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

லைபீரியாவின் கெபெல்லே மக்களிடம் நடந்தது இன்னும் வேடிக்கை. அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கோலும் அவருடைய குழுவினரும் சாப்பாட்டுப் பொருள், கருவி, பாத்திரம், துணி என்று நான்கு வகையில் இருபது பொருள்களைக் கலந்து வைத்து, ‘எது எதோடு சேரும், சேர்த்து வையுங்கள்’ என்றார்கள். கெபெல்லே மக்கள் பழத்தையும் கத்தியையும் ஒன்றாக வைத்தார்கள், ஏனென்றால் பழத்தை நறுக்கக் கத்தி வேண்டும். வகை பிரிக்கத் தெரியவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர்களோ ‘விவரமுள்ளவன் இப்படித்தான் வைப்பான்’ என்றார்கள். கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் சலித்துப்போய், ‘முட்டாள் எப்படி வைப்பான்?’ என்று கேட்டார்கள். உடனே சாப்பாடு தனி, கருவி தனி, பாத்திரம் தனி, துணி தனி என்று நான்கு அழகான குவியல்.

நம் சமையலறையிலும் அரிவாள்மனை காய்கறிக் கூடைப் பக்கம்தான் இருக்கும், சுத்தியலோடு இருக்காது.

லெவி-ஸ்ட்ராஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1962இல் சொன்னது இதற்குப் பக்கத்தில் வருகிறது. அவருடைய நூலின் தலைப்பில் இருந்தது ‘காட்டுமிராண்டிகளின் சிந்தனை’ இல்லை, ‘காட்டுச் சிந்தனை’. காட்டுமல்லி என்கிறோமே, அந்தப் பொருளில்: பயிரிடாமல் தானாக வளர்வது. பிலிப்பைன்ஸின் ஹனுனூ மக்கள் 1,600க்கும் மேற்பட்ட தாவர வகைகளைப் பிரித்து அறிந்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். கையில் கிடைத்த பழைய சாமானை வைத்து ஒப்பேற்றுகிறவரின் மூளை அது என்றார். உங்கள் வீட்டில் துருப்பிடித்த திருகாணி, சைக்கிள் டியூப் துண்டு, உடைந்த பிளக் எல்லாம் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா இருந்தால், அதற்கு ஒரு சொந்தக்காரரும் இருப்பார். அவரிடம் கேளுங்கள், விளக்கம் கிடைக்கும்.

அப்படியானால் சொல்லவே கூடாதா?

சொல்லலாம். ஒரு செயலுக்கோ ஒரு நினைப்புக்கோ சொல்லுங்கள், ஜனங்களுக்குச் சொல்லாதீர்கள். ‘லேபிளைப் பார்த்துத் தயங்கியது மந்திரச் சிந்தனை’ என்றால் ஏதோ புரிகிறது. ‘அவர்கள் மந்திரச் சிந்தனை உள்ள மக்கள்’ என்றால் ஒன்றும் புரியவில்லை, கதவு மட்டும் சாத்தப்படுகிறது.

அதற்காக மறுபக்கம் சாயவும் வேண்டாம். ‘நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை’ என்று தொடங்கும் வாட்ஸாப் செய்தி தினமும் வருகிறது. முட்டாள்கள் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு வழக்கத்துக்குள்ளும் கிருமிநாசினியோ காந்த அலையோ ஒளிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சூனியக்காரி என்று முத்திரை குத்தி ஒரு பெண்ணை அடித்துக் கொன்றால் அது கொலை. அந்த நம்பிக்கை தப்பு என்று சொல்வதற்கு, நம்புகிறவரின் மூளையைக் கீழ்ப்படியில் வைக்கத் தேவையில்லை.

ஒரு செய்தி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘மூடநம்பிக்கையில் ஊறிய மலைக்கிராமம் தடுப்பூசியை மறுத்தது’. இங்கே கேட்க வேண்டியவை சாதாரணக் கேள்விகள். ஊசி போட வந்தவர்கள் யார், அவர்கள் மொழியில் பேசினார்களா, போன முறை ஊசி போட்டுக் காய்ச்சல் வந்த குழந்தையை யாராவது திரும்ப வந்து பார்த்தார்களா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகும் மூடநம்பிக்கைதான் காரணம் என்றால் அப்படியே எழுதலாம்.

இந்தச் சொல் காகிதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே கணக்கு உண்டு. டைலரின் நூல் வந்த அதே 1871இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டமும் வந்தது. ஒரு கூட்டத்துக்கே குற்றம் பரம்பரைத் தொழில் என்று முடிவு கட்டிய சட்டம். பின்னால் சென்னை மாகாணத்துக்கும் வந்து, கைரேகைச் சட்டம் என்ற பெயரில் தென் மாவட்டங்களில் இன்றும் நினைவில் இருக்கிறது. சுதந்திர இந்தியாவிலும் சில பழங்குடிகளை அரசு ‘ஆதிநிலைப் பழங்குடிக் குழுக்கள்’ என்றுதான் வகைப்படுத்தியிருந்தது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு குழுக்கள். 2006இல்தான் ‘ஆதிநிலை’ என்பதை எடுத்துவிட்டு, ‘குறிப்பாக நலிவுக்குள்ளாகும் பழங்குடிக் குழுக்கள்’ என்று மாற்றினார்கள்.

தோடரைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளிலும், 1901–02இல் நீலகிரியில் தோடரிடமும் புலன் சோதனைகள் செய்தார். நுனியில் அம்புக்குறி போட்ட இரண்டு சமமான கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் அந்தத் தீவுக்காரர்களும் தோடர்களும் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகத்தான் ஏமாந்தார்கள்.

வசை இல்லாமல் மரியாதையாகவே இந்தச் சொல்லை உள்ளே கொண்டுவரும் வழியும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து நோயைச் சொன்னால் ‘படித்தவர்’ என்கிறோம். இருளர் ஒருவர் மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொன்னால் ‘ரத்தத்திலேயே ஊறினது’ என்கிறோம். ரத்தத்தில் எதுவும் ஊறுவதில்லை. அவர் சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் பின்னால் நடந்து, தப்பாகச் சொல்லி, திட்டு வாங்கிப் படித்தது அது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து நடக்கிறது. அங்கே எடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணம், சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்பைப் பிடிக்க வழி தெரியாமல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தது. சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஃப்ளோரிடாவுக்கு அவர்கள் விமானம் ஏறுவதற்குப் பதினொரு வருஷம் முன்புவரை, அரசுக் காகிதத்தில் அவர்களுடைய சமூகத்தின் பெயருக்கு மேலே இருந்த தலைப்பு ‘ஆதிநிலை’.